அவள் எழுதுகிறாள், கதைக்கிறாள் இல்லை

கொண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். கடிதம் நான்கு பக்கம். சுருக்கித் தருகிறேன்.

"எனக்கும் அவளுக்கும் 35 வருடச் சினேகிதம். 1995 இடம்பெயர்வில் எங்கள் இரண்டு குடும்பமும் கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்து மாதம் இருந்தது. 2011இல் அவள் கலியாணம் கட்டி ரொறன்ரோ போய்விட்டாள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நான் போன் எடுப்பேன், ஒரு மணித்தியாலம் கதைப்போம். பத்து வருடத்துக்கு மேல் அது தவறியதில்லை. இப்போது ஒன்றரை வருடமாக அவள் போனைத் தூக்குவதே இல்லை. 'பிறகு எடுக்கிறன்' என்று மெசேஜ் வரும், எடுக்க மாட்டாள். மெசேஜ் போட்டால் மட்டும் உடனே பதில் வருகிறது. அதுவும் 'ஓமடி', 'சரியடி', ஓர் இதயம். எனக்கு எழுத வராது அக்கா. நான் வொயிஸ் போடுவேன், ஆறு ஏழு நிமிடம் போகும். அவள் மூன்று நாள் கழித்துத்தான் கேட்கிறாள். அந்த மைக் அடையாளம் நீலமாகிவிட்டதா என்று நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறேன். போன மாசியில் அம்மா மோசம் போனபோதும் மெசேஜ்தான் போட்டாள். பள்ளிக்கூட குறூப்பில் மட்டும் எல்லாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துப் போடுகிறாள். சுன்னாகத்தில் இருக்கிற இன்னொரு சினேகிதியும் இப்போது இப்படித்தான். நாலு மைல் தூரத்தில் இருந்துகொண்டு மெசேஜ். நான்தான் இந்தக் காலத்துக்குப் பொருந்தாத ஆளோ? இனி நானும் விட்டுவிடவா, நேரே கேட்கவா?"

தங்கச்சி,

நான்கு பக்கக் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான். மைக் அடையாளத்துக்கும் பள்ளிக்கூட குறூப்புக்கும் நடுவில் அதைச் செருகிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நோவு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட கேள்வி.

விட்டுவிட வேண்டாம், கேளுங்கள். ஆனால் "ஏன் எடுக்கிறாய் இல்லை?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. "நேரமில்லையடி" என்று ஒரு சாட்டு வரும், நீங்கள் அதை நம்ப மாட்டீர்கள், அவளுக்கும் அது தெரியும்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு விடயம் எழுதியிருக்கிறீர்கள். மகன் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போன அன்று காலை ஆறரைக்கு அவளிடமிருந்து மெசேஜ் வந்ததாம். "தம்பி எழும்பிட்டானோ? பென்சில் இரண்டு வைச்சு விடு." அப்போது அங்கே முதல் நாள் இரவு ஒன்பது மணி. பரீட்சை எந்த நாள், எத்தனை மணிக்குப் பிள்ளை வெளிக்கிட வேண்டும் என்று கணக்குப் பார்த்து ஞாபகம் வைத்து எழுதியிருக்கிறாள். உங்களை விட்டுப் போகிறவள் செய்கிற வேலை இல்லை அது. அவள் விலகியது போனிலிருந்து. உங்களிடமிருந்து என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

ஒருவர் எந்த வழியில் கதைக்கிறார் என்பதை வைத்து அவருக்கு நம்மில் எவ்வளவு பட்சம் என்று அளந்துபார்க்கிற பழக்கம் எங்கள் எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. என்னோடு படித்த சினேகிதி ஒருத்தி மானிப்பாய்ப் பக்கம் இருக்கிறா. முன்பெல்லாம் போனில் நேரம் போவது தெரியாமல் கதைப்பவ, ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் எடுத்தால் "நீ வீட்டை வாவன்" என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவா. கதைக்க விருப்பமில்லை என்று நினைத்து இரண்டு வருடம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு ஒரு திருவிழாவில் கண்டோம். அவவின் இடப்பக்கத்தில் நின்று ஏதோ கேட்டேன், பதில் இல்லை. பேசாமல் என் தோளைப் பிடித்துத் தன் வலப்பக்கத்துக்கு நகர்த்தி நிறுத்திவிட்டு, "இப்ப சொல்லு" என்றா. ஒரு காது முழுக்கப் போய்விட்டது. மற்றக் காதிலும் போன் சத்தம் விளங்குவதில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறா. இரண்டு வருடமாக "வீட்டை வாவன்" என்று அவ கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறா. நான்தான் அதைத் துரத்துவதாகக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் சினேகிதிக்கு என்ன என்று எனக்குத் தெரியாது, ஊகித்துச் சொல்லவும் மாட்டேன். ஆனால் என்னிடம் உளவளத்துணைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்கிறேன். அவள் உங்களோடு கதைக்க வேண்டுமென்றால் எங்கே இருந்து கதைப்பாள்?

நீங்கள் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடலாம். பின் வளவுக்குப் போய் முருங்கையின் கீழ் நிற்கலாம். ரொறன்ரோவில் அடுக்குமாடியிலோ, யாரோ ஒருவரின் வீட்டுப் பேஸ்மன்றிலோ இருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு மூலை இல்லை. கூடத்தில் மனிசன், அறையில் பிள்ளைகள், குசினியில் மாமியார். நாலு மாதத்துக்குக் குளிரில் வெளியில் நின்று கதைக்கவும் ஏலாது. ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாள் ஒருத்தி வேலை முடிந்து வந்து, காரை நிறுத்திவிட்டு, அதற்குள் இருந்தபடியே பத்து நிமிடம் எனக்குப் போன் எடுப்பா. "வீட்டுக்குள்ள போனா இந்தக் கதையெல்லாம் கதைக்கேலாது" என்பா. கார்தான் அவவின் கிணற்றடி. கார் ஓடாதவளுக்கு அதுவும் இல்லை. எழுத்தை யாரும் ஒட்டுக் கேட்க முடியாது. அடுப்படியில் நின்றபடி, ஒருவருக்கும் தெரியாமல் ஒரு "ஓமடி" போட்டுவிடலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத்து முகத்தைக் காட்டாது, குரலையும் காட்டாது. நீங்கள் இருவரும் ஐந்து மாதம் ஒரு விறாந்தையில் படுத்து எழும்பியவர்கள். அவள் "ஹலோ" என்று சொன்ன மாத்திரத்தில் உங்களுக்குத் தெரிந்துவிடும், என்னவோ சரியில்லை என்று. வேறு ஆட்களோடு போனில் சிரித்துக் கதைக்கிற ஒருத்தி, தன்னை நன்றாகத் தெரிந்த ஒருத்தியின் போனை மட்டும் எடுக்காமல் விடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். குறூப்பில் வாழ்த்துப் போடுவதும் அப்படித்தான். அது லேசான வேலை, அங்கே யாரும் "என்னடி குரல் ஒரு மாதிரிக் கிடக்கு" என்று கேட்கப்போவதில்லை. அதை வைத்து மனதைப் போட்டு அடிக்காதீர்கள்.

சரி, இனி உங்கள் பக்கம். காலத்துக்குப் பொருந்தாத ஆளோ என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, தங்கச்சி.

அந்தக் கொடிகாமத்து விறாந்தையை நினைத்துப் பாருங்கள். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் போய்விட்டது, தொலைபேசியும் போய்விட்டது. உங்கள் வயதுக்காரர் ஜாம் போத்தல் விளக்கில் எழுதப் பழகினவர்கள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு, இரவு சாப்பிட்டதும் அதையும் ஊதி அணைத்துவிடுவார்கள். பிறகு இருட்டு. பதினொரு வயதுப் பிள்ளைகள் இரண்டு, ஒரு பாயில், நித்திரை வராமல், ஒன்றின் முகம் மற்றதற்குத் தெரியாமல் கதைத்துக்கொண்டு கிடக்கிறது. "நாங்கள் கதைக்கிற சத்தம் கேட்டு அம்மா அதட்டுவா, பிறகு காதுக்குள் கதைப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சினேகிதம் இருட்டில் குரலால் வளர்ந்தது. அந்தக் குரல் வேண்டும் என்று மனம் கேட்பதில் பழமைவாதம் எதுவும் இல்லை.

இதை ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2012இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து லெஸ்லி செல்ட்சரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்டது ஒன்று. சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேச வைத்து, கணக்குச் செய்ய வைத்து, நன்றாகப் பதற்றப்படுத்திவிட்டு, பிறகு சிலரைத் தாயோடு நேரே இருக்க விட்டார்கள், சிலரைப் போனில் கதைக்க விட்டார்கள், சிலருக்குத் தாயோடு மெசேஜ் மட்டும். நேரே இருந்த பிள்ளைகளுக்கும் தாயின் குரலைக் கேட்ட பிள்ளைகளுக்கும் உடம்பில் பதற்றத்தின் சுரப்பு இறங்கியது, ஆறுதலின் சுரப்பு ஏறியது. மெசேஜ் மட்டும் கிடைத்த பிள்ளைகளின் உடம்பு, தாயோடு ஒரு தொடர்பும் இல்லாமல் தனியே விடப்பட்ட பிள்ளைகளின் உடம்பைப் போலத்தான் இருந்தது. தாய் எழுதியது அன்பான சொற்கள்தான். ஆனால் உடம்பு தேடியது குரலை. மாசி மாதத்தில் உங்களுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான்.

எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "ஓம்" என்ற ஒரு சொல்லை எங்கள் ஊரில் எத்தனை விதமாகச் சொல்வோம்? சந்தோசமாக, சலிப்பாக, சந்தேகமாக இழுத்து "ஓமோ…", ஆளைத் தட்டிக் கழிக்க "ஓமோம்", துக்கத்தில் மூச்சோடு சேர்த்து. எழுத்தில் எல்லாம் ஒன்றுதான். வாசிக்கிறவர் அன்று என்ன மனநிலையில் இருக்கிறாரோ அந்த ராகத்தில் அதை வாசிக்கிறார். 2005இல் ஜஸ்ரின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் கூட்டாளிகளும் ஒரு பரிசோதனை செய்தார்கள். மின்னஞ்சலில் சிலதை உண்மையாகவும் சிலதைக் கிண்டலாகவும் எழுதச் சொன்னார்கள். தாங்கள் எந்தத் தொனியில் எழுதினோம் என்பது வாசிக்கிறவருக்குப் பெரும்பாலும் விளங்கிவிடும் என்று எழுதினவர்கள் நம்பினார்கள். வாசித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 வீதம்தான், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். ஆகவே அந்த "ஓமடி"யில் நீங்கள் கேட்கிற வெறுப்பு அவள் போட்டதா, நீங்கள் சேர்த்ததா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இப்போது உங்கள் வொயிஸ் பற்றி. இதில் நான் உங்கள் பக்கம் முழுக்க நிற்க மாட்டேன்.

ஆறு ஏழு நிமிட வொயிஸ் உங்களுக்குக் கதைத்த மாதிரி இருக்கும். கேட்கிறவளுக்கு அப்படி இல்லை. கதை என்றால் ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் "ம்… பிறகு?" "அட, ஓமோ?" "ஐயோ கடவுளே" என்று போட்டுக்கொண்டே இருப்பார். அந்த "ம்" இல்லாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை ஓடாது. 2009இல் 10 மொழிகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று கண்டார்கள். அவ்வளவு நெருக்கமான கொடுக்கல் வாங்கல் அது. வொயிஸில் அது கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் கேட்கும்வரை தெரியாது. எழுதியதைக் கண்ணால் ஒரு முறை மேய்ந்து, அவசரமா இல்லையா என்று பார்த்துவிடலாம். ஏழு நிமிட வொயிஸைக் கேட்க ஒரு ஹெட்போனும், தனி இடமும், ஏழு நிமிடமும் வேண்டும். அவள் மூன்று நாள் வைத்திருந்து கேட்கிறாள் என்றால், சும்மா கேட்டுவிட்டுப் போகாமல், ஆறுதலாகக் கேட்க இடம் தேடியிருக்கவும் கூடும்.

ஆகவே வொயிஸ் போடுங்கள், ஆனால் ஒரு நிமிடத்துக்குள். போடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். "அவசரமில்லை, தம்பியின்ர பள்ளிக்கூடக் கதை, ஆறுதலாக் கேள்." எழுத வராது என்கிற ஆளுக்கும் அந்த ஒரு வரி வரும்.

அந்த மைக் அடையாளத்தைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். வட்ஸ்அப்பில் தனியுரிமை என்ற பகுதிக்குள் புளூ ரிக்கை நிறுத்துகிற வசதி இருக்கிறது. நிறுத்தினால் மற்றவர்கள் வாசித்தார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வாசித்தது அவர்களுக்கும் தெரியாது. ஆனால் வொயிஸ் கேட்டதைக் காட்டுகிற மைக்குக்கு அது வேலை செய்யாது, குறூப்புக்கும் செய்யாது. அதனால் வொயிஸ் அனுப்பியதும் அவளுடைய பக்கத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மாதம் செய்துபாருங்கள்.

நேரத்தையும் ஒருக்கால் பாருங்கள். நீங்கள் எடுக்கிற ஞாயிறு இரவு எட்டு மணி, அங்கே கோடையில் ஞாயிறு காலை 10.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டைப் பின்னுக்கு மாற்றுவார்கள், மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை உங்கள் எட்டு மணி அங்கே 9.30. 2011இல் புதுப்பெண்ணாகப் போனவளுக்கு அது சும்மா இருந்த நேரமாக இருந்திருக்கும். இன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். ஞாயிறு காலை அங்கே வகுப்புக்கு ஏற்றி இறக்குகிற நேரம், கடைக்குப் போகிற நேரம், கிழமைக்குச் சமைத்து வைக்கிற நேரம். பத்து வருடமாக மாறாத நேரத்தில் நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டும் என்று சொல்ல அவளுக்கும் வாய் வரவில்லை. சினேகிதர்கள் எல்லாம் கதைப்பார்கள், எப்போது எப்படிக் கதைப்பது என்பதை மட்டும் கதைக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு முற்றம் கூட்ட எழும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அது அங்கே கோடையில் முதல் நாள் இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

எப்படிக் கேட்பது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்:

"எடியே, எனக்கு உன்ர குரலைக் கேக்கோணும் போல கிடக்கு. ஒருதருக்கும் ஒண்டுமில்லை, சும்மாதான். பத்து நிமிசம் காணும். உனக்கு எந்த நேரம் லேசு எண்டு சொல்லு, அந்த நேரம் எடுக்கிறன். கதைக்க இடமில்லையெண்டால் அதையும் சொல்லு, நான் கோவிக்கமாட்டன்."

"ஒருதருக்கும் ஒண்டுமில்லை" என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். ஊரில் வயது போன தாய் தகப்பனை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு, நினையாத நேரத்தில் ஊர் நம்பர் அடித்தால் நெஞ்சு பதறும். போன் என்றால் செத்தவீட்டுச் செய்தி என்றே பழகிப்போன சனம் நாங்கள். "பத்து நிமிசம்" என்பதும் முக்கியம். ஒரு மணித்தியாலம் கதைத்தே பழகினவளுக்கு, அந்த ஒரு மணித்தியாலம் இல்லாதபோது ஐந்து நிமிடத்துக்கு எடுப்பதும் சரியில்லை என்று தோன்றும். இருவரும் முழுச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து பட்டினி கிடக்கிறீர்கள்.

அவள் தயங்கினால் அதிலும் ஆச்சரியம் இல்லை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமித் குமாரும் எப்லியும், தொடர்பு விட்டுப்போன பழைய நண்பரோடு திரும்பத் தொடர்பு கொள்ளச் சிலரைக் கேட்டார்கள். போனில் கதைத்தால் சங்கடமாக இருக்கும், எழுதினால் அந்தச் சங்கடம் இல்லை என்று பலர் எதிர்பார்த்தார்கள். கதைத்த பிறகு பார்த்தால், சங்கடம் எழுதியதைவிடக் கூடவில்லை, நெருக்கம்தான் கூடியிருந்தது. முதல் "ஹலோ"வுக்கு முன்னால் இருக்கிற பயம்தான் பெரிது.

பத்து நிமிடம் என்று சொன்னாலும் உங்கள் பக்கத்தில் இருபது நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். எங்கள் வீடுகளுக்கு வருகிற ஆட்களைப் பாருங்கள். விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்து ஊர்க்கதையெல்லாம் கதைத்து, "சரி அப்ப வாறன்" என்று எழும்பிப் படலையடிக்கு வந்து, சைக்கிளில் ஒரு காலை வைத்த பிறகுதான் "அதுசரி, இவர் இப்ப வேலைக்குப் போறேல்லை" என்று வந்த விடயம் வெளியில் வரும். அதன்பிறகு படலையில் அரை மணித்தியாலம் நிற்பார்கள். போனிலும் அந்தப் படலை உண்டு. "சரி வைக்கிறன்" என்று சொன்னதற்கும் வைப்பதற்கும் இடையில் இருக்கிறது அது. மெசேஜில்தான் இல்லை. அவள் "சரியடி வைக்கட்டே" என்று சொல்லும்போது உடனே வைத்துவிடாமல், ஒரு மூச்சு நேரம் சும்மா இருங்கள்.

இனி அம்மா.

எங்கள் ஊரில் துக்கம் விசாரிப்பது சொல்லால் நடப்பதில்லை. வருவார்கள், கட்டிப்பிடித்து அழுவார்கள், கதிரையில் பேசாமல் இருப்பார்கள், எட்டுச் செலவுக்குத் திரும்ப வருவார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றும் நினைவில் நிற்காது, யார் வந்தார்கள் என்பது மட்டும் சாகும்வரை நிற்கும். அந்த நேரத்தில் அவள் குரல் வரவில்லை. 31ஆம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது, அப்போதும் வரவில்லை. அதை நீங்கள் மறக்க வேண்டியதும் இல்லை, பெரிதில்லை என்று மூடவும் வேண்டாம். அவளிடம் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஐந்து மாதமும் உங்கள் அம்மாதான் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே கோப்பையில் சோறு குழைத்துத் தீத்தினவ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவளுக்கும் அது தாய் போன துக்கம்தான். இப்போது செத்தவீட்டைப் போனில் நேரே காட்டுகிறார்கள். அவளும் அங்கே இரவிரவாக இருந்து, நீங்கள் அழுவதைப் பார்த்திருக்கலாம். அவளைக் கட்டிப்பிடித்து அழ அங்கே ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். போன் எடுத்தால் ஆறுதல் சொல்லவேண்டியவள் தானே உடைந்துபோவேன் என்று பயந்து எழுத்துக்குள் ஒளித்தவர்கள் உண்டு. அவளும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கேட்கப் போகும்போது அந்த இடத்தை அவளுக்கு விட்டுவைத்துக்கொண்டு போங்கள்.

முதல் மெசேஜில் இதைப் போடாதீர்கள். முதல் போனிலும் வேண்டாம். இரண்டு மூன்று தடவை கதைத்து, குரல் பழகி, சிரிப்பு வந்த பிறகு: "அம்மா மோசம் போனபோது உன்ர குரலுக்குக் காத்திருந்தனான். எனக்கு அது இப்பவும் நோகுது." அவ்வளவுதான். "நீ ஏன்" என்று தொடங்கவே வேண்டாம். அதன்பிறகு அந்தப் பக்கம் அமைதியாக இருந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். அழுதால் அழட்டும். நீங்களும் அழுங்கள்.

சுன்னாகத்துச் சினேகிதிக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. முந்தி மாதிரிச் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்குகிற காலம் போய்விட்டது, அதனால் "பின்னேரம் வாறன், இருப்பியோ?" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். சந்தையால் போகிற வழியில் ஒரு சீப்புக் கதலி வாங்குங்கள். போனதும் எதிரில் இருந்து முகத்தைப் பார்த்து "என்ன பிரச்சினை" என்று கேட்காமல், அவள் செய்கிற வேலையில் கை வையுங்கள். வெங்காயம் உரிக்கிறாள் என்றால் நீங்களும் இரண்டை உரியுங்கள். சிலருக்கு முகம் பார்த்துக் கதை வராது, பக்கத்தில் இருந்து கை வேலை செய்யும்போது வரும்.

இத்தனைக்கும் பிறகு ரொறன்ரோக்காரி "எனக்கு மெசேஜ்தானடி சரி, கோவிக்காதை" என்று சொன்னால்? அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்ல அவளுக்குக் காலம் தேவைப்படலாம். குரலுக்கு அதுவரை வேறு ஆட்களைத் தேடிக்கொள்வதில் துரோகம் இல்லை. அதற்காக அவளுக்கு எழுதுவதை விடாதீர்கள்.

எழுத வராது என்று சொல்கிறீர்கள். எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. சி.ஆர். கொப்பி ஒற்றையில், கோட்டுக்கு மேலும் கீழும், இடம் போதாமல் கரையிலும் குறுக்காக. உங்களுக்கு வராதது போனில் இரண்டு பெருவிரலால் தட்டுவது. என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு நீல வான்கடிதம் வரும். பிரித்து வாசித்து முடித்த பிறகும் என் ஆச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பா. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. மகனின் கை பட்ட எழுத்து என்று பார்ப்பா.

அந்த மெசேஜை அனுப்புகிற அன்றே, அதே கொப்பியில் ஒரே ஒரு பக்கம் அவளுக்கு எழுதுங்கள். அம்மாவின் கதை வேண்டாம். கொடிகாமத்து விறாந்தையில் இருட்டில் கதைத்ததில் ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒன்று. எழுதிவிட்டு வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கள். சத்தம் வராது, ஹெட்போன் தேவையில்லை, அடுப்படியில் நின்றும் பார்க்கலாம். உங்கள் 'ழ'வின் வால் அடுத்த வரியில் போய்த் தட்டுகிறது. ஒரே வாங்கில் இருந்து படித்தவளுக்கு அந்த வால் தெரிந்திருக்கும்.